வெங்காய உரி

உயிரியல் ஆய்வகத்தில் எனக்குப் பிடித்தது எலும்புக்கூடு அல்ல, பாட்டிலில் மிதக்கும் தவளையும் அல்ல, வெங்காயம்தான். சதைப்பற்றான செதிலை ஒடித்து இழுத்தால், உட்புறத்திலிருந்து ஈரப் பட்டு மாதிரி ஒரு சவ்வு உரிந்து வரும். ஒரே ஒரு செல் கனம். அதைச் சுருங்காமல் தண்ணீர்ச் சொட்டில் விரிப்பதில்தான் கைச்சாமர்த்தியம். பிறகு ஒரு சொட்டு சஃப்ரனின் சாயம். மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து, ஊசியால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி புகுந்துவிடும். நுண்ணோக்கியில் கறுப்பு விளிம்போடு உருண்டையாகத் தெரிந்த அந்தக் குமிழியைத்தான் முதல் நாள் செல் என்று நம்பி நோட்டில் வரைந்து வைத்தேன்!

சரியாக அமைந்தால், செங்கல் சுவர்போல வரிசைக் கட்டங்கள். ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டு 1665இல் ‘செல்’ என்று எழுதியவை உயிர் போன வெறுங்கூடுகள். இங்கோ ஒவ்வொரு கட்டத்திலும் ஓரமாக ஒரு சிவந்த பொட்டு: ராபர்ட் பிரவுன் பெயர் வைத்த உட்கரு. அதற்குள் 16 குரோமோசோம்கள் அடக்கம். பச்சையம் மட்டும் இல்லை. மண்ணுக்குள் கிடக்கும் செதிலுக்கு அது எதற்கு?

மணி அடித்தும் எழ மனம் வராது. விரலில் ஏறிய சாயம் சாப்பாட்டு வேளையிலும் போகாது.