புளியின் அமிலமும் ரோடியமும்

புதுச்சேரிச் சமையலறைகளில் கரைக்கப்படும் புளியிலும், பிரான்சின் மதுப் பீப்பாய்களில் படியும் உப்பிலும் உள்ள டார்டாரிக் அமிலம் ஒன்றேதான். இயற்கை அதைப் பெரும்பாலும் ஒரே வடிவில் ஆக்குகிறது. வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமாக இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரு வடிவங்கள் மூலக்கூறுகளுக்கு உண்டு என்பதை, புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1848இல், லூயி பாஸ்தர் பாரிசில் இவ்வமிலத்தின் இரு வடிவங்களும் கலந்திருந்த உப்புப் படிகங்களைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்து நிறுவினார்.

பொறுக்கிப் பிரித்தால் பாதி வேண்டாததாகவே கழியும். வேண்டிய வடிவத்தை மட்டும் தொடக்கத்திலேயே ஆக்குவது அதனினும் நுண்ணிய கலை. அக்கலையின் கருவி உலோக அணைவுச் சேர்மம், அதாவது நடுவே ஓர் உலோக அணுவும், அதைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஈனிகள் என்னும் மூலக்கூறுகளும் சேர்ந்த அமைப்பு. 1971இல் பிரான்சின் ஆன்றி ககான் டார்டாரிக் அமிலத்திலிருந்தே டையாப் என்ற ஈனியைச் செய்தார். இரு பாஸ்பரஸ் அணுக்களால் ரோடியம் என்ற உலோகத்தைப் பிடிக்கும் அதை அரைவட்டம் திருப்பினாலும் தோற்றம் மாறாது; ஆகவே வினைப்பொருள் எப்பக்கம் அணுகினாலும் ஒரே சூழலைச் சந்திக்கிறது, வழிதவறும் வாய்ப்புகளும் குறைகின்றன. இவ்வளவு சிக்கனமான வடிவமைப்பு வேதியியலில் அரிது.

அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ், பாஸ்பரஸ் அணுவையே ஒருபக்க வடிவினதாக்கும் வழியில் சென்றவர்; ககானின் இருகைப் பிடியையும் அதனோடு சேர்த்து அவர் ஆக்கிய டைபாம்ப் ஈனியால், நூறு மூலக்கூறுகளில் ஏறத்தாழ 97 வேண்டிய வடிவிலேயே விளைந்தன. பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா இவ்வாறு ஆலைக்குச் சென்றது. அதே எல்-டோபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இலேயே வெளியிட்டிருந்தனர். வேண்டிய வடிவத்தை மட்டும் ஆக்கும் கலைக்கான 2001ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை நோல்ஸ், நொயோரி, ஷார்ப்லெஸ் மூவரும் பெற்றனர், ககான் பெறவில்லை. ஆலைக்கு உகந்தது டைபாம்ப் என்றாலும், அழகில் முதலிடம் டையாப்புக்கே உரியது.

ரசிகரை இன்னும் வியக்கவைப்பது, வினைப்பொருளோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் இவ்வினையின் உள்நடப்பு. ரோடியத்தோடு வினைப்பொருள் இருவிதமாக இணைகிறது. மிகுதியாக உள்ள இணைவே விளைபொருளைத் தரும் என்றுதான் எவரும் எண்ணுவர். சிகாகோவில் ஜாக் ஹால்பெர்ன் கண்டதோ நேர்மாறானது: அருகியிருக்கும் இணைவே ஹைட்ரஜனோடு மிக விரைவாக வினைபுரிந்து பெரும்பாலான விளைபொருளைத் தருகிறது, மிகுதியாக உள்ளது அதுவாக மாறிமாறி அதன் குறையை நிரப்பிவருகிறது.