பட்டியலில் இல்லாத பெயர்

கேண்டிடா ஆரிஸ் பற்றி இணையத்தில் தேடினால் "சூப்பர் பூஞ்சை" என்ற மிரட்டல்தான் முதலில் வந்து நிற்கிறது. எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது இன்னொரு கேள்வி: ஆஸ்பத்திரி லேபில் இருக்கும் இயந்திரம் இந்த ஈஸ்ட்டை எப்படித் தவறவிட்டது? இதற்குப் படிக்க வேண்டியது, 2015-ல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் மைக்ரோபயாலஜி இதழில் டெல்லியைச் சேர்ந்த அனுராதா சௌத்ரி குழு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. நல்ல கட்டுரை. ஆனால் அதிலுள்ள முக்கியமான எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும்.

முதலில் பின்னணி. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட்டுக்குத்தான் இந்தப் பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஆரிஸ் என்றால் காது. லேப்களில் பரவலாக உள்ள வைடெக் 2 கருவி, ஈஸ்ட் எந்தச் சர்க்கரையைச் செரிக்கிறது என்பது போன்ற வேதிச் சோதனைகளைச் செய்து, விடையைத் தன் தரவுத்தளத்தோடு ஒப்பிடும். அன்றைய தரவுத்தளத்தில் ஆரிஸ் கிடையாது. நாய், பூனை இரண்டு மட்டுமே தெரிந்த நிரலிடம் நரிப் படத்தைக் கொடுத்தால் என்ன சொல்லும்? "நாய்" என்று சொல்லும். அதேதான் இங்கேயும்.

டெல்லி குழு, வைடெக் 'ஹெமுலோனி' அல்லது 'ஃபமாடா' என்று பெயர் கொடுத்திருந்த 102 மாதிரிகளை எடுத்து, டி.என்.ஏ. வரிசையைப் பார்த்தது. 90 மாதிரிகள் ஆரிஸ். அதாவது 88.2%.

இங்கேதான் கொஞ்சம் நிற்கணும். இந்திய ஆஸ்பத்திரிகளில் கேண்டிடா தொற்றில் 88% ஆரிஸ் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இயந்திரம் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் நம்பாதே என்பதுதான் அர்த்தம். அது வேறு பெயரைச் சொன்னால்? அந்த மாதிரிகளை இவர்கள் எடுக்கவே இல்லை. ஆரிஸ் வேறு பெயருக்குள் ஒளிந்திருந்தால் இந்த ஆய்வின் கண்ணில் படாது. கட்டுரைத் தலைப்போ ஹெமுலோனியை மட்டும் சொல்கிறது. ஆரிஸுக்கு ஒரே ஒரு வேஷம்தான் என்ற எண்ணத்தை அது தந்துவிடுகிறது. பிறகு அமெரிக்காவின் சி.டி.சி. வெளியிட்ட வழிகாட்டியைப் பாருங்கள்: ஏ.பி.ஐ. 20சி சோதனை அதை ரோடோடொருலா என்கிறது, மைக்ரோஸ்கேன் பாராப்சிலோசிஸ் என்கிறது. கருவிக்கு ஒரு வேஷம்.

பெயர் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஆரிஸ் பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு மசியாது. நோயாளியின் தோலிலும் கட்டிலிலும் தங்கி அடுத்தவருக்குப் பரவும். சரியான பெயர் தெரிந்தால்தான் தனிமைப்படுத்துவார்கள்.

கட்டுரையில் அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மருந்துச் சோதனை. ஆம்ஃபோடெரிசின் பி-க்கு இருப்பதைவிட அதிக எதிர்ப்பு இருப்பதாக வைடெக் காட்டியதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பயன்படக்கூடிய மருந்தை டாக்டர் ஒதுக்கிவிட இது போதும். பெயரும் தப்பு, மருந்தும் தப்பு! இதுவும் தலைப்புக்குச் சமமாகப் பேசப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று: பழைய மாதிரிகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது. கொரியாவிலும் 1996-ல் எடுத்த ஒரு மாதிரி ஆரிஸ்தான் என்று 2011-ல் தெரியவந்தது.

வைடெக்கின் 8.01 பதிப்பில் ஆரிஸ் சேர்ந்துவிட்டது. ஆனால் எல்லா லேபும் ஒரே நாளில் பதிப்பை மாற்றுவதில்லை. அதனால் ரிப்போர்ட்டில் ஈஸ்ட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே கருவியின் பெயரையும் தரவுத்தளப் பதிப்பு எண்ணையும் அச்சிடலாம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.