பிளவில் இறங்கிய கங்கை

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது புறாத்தீவு. அதன் பாறைகளைச் சற்று நேரம் பார்த்தால், காற்றும் உப்பும் பாதி வேலையை முடித்துவிட்டதாகத் தோன்றும். மிச்சத்தைச் செதுக்கத்தான் ஆள் வரவில்லை.

மாமல்லபுரத்தில் வந்தார்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகளுக்குக் கிடைத்தது நடுவே பிளந்த பெரும்பாறை. அந்தப் பிளவையே கங்கையாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டார்கள். மேலே நீர்த்தொட்டி இருந்த தடயமும் உண்டு.

அந்தச் சிற்பத்தில் தவம் செய்வது அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் வாதாடட்டும். எனக்குப் பிடித்தது பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான். மானைப் பொறுமையாகப் பார்த்திருந்தவனுக்கே அந்தக் கழுத்துத் திருப்பம் கைவரும். அதுவும் கருங்கல்லில்! அவ்வூரில் முடிக்காமல் விட்ட குடைவரைகளில் கல்லை வெட்டிய முறை தெரிகிறது: குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் வெட்டி, இடையே புடைத்து நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்திருக்கிறார்கள். நுணுக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இத்தனை பாடுகளுக்கு நடுவிலும், கைதூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் வைக்க மனம் வந்திருக்கிறதே, அந்தக் குறும்பு எனக்கு மானுக்கு அடுத்தபடி.