அரசியல் மேடையில் நாப்பிறழ்வு: வழுக் கோட்பாட்டின் வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

மேடையில் வாய்தவறி வந்த ஒரு சொல் மறுநாளும் பேசப்படுகிறது; அச்சொல் இடம்பெற்ற உரையோ மறக்கப்படுகிறது. அரசியல் தலைவர்களின் நாப்பிறழ்வை ஒரு சாரார் அறியாமையின் சான்றாகக் கொள்கின்றனர். மற்றொரு சாரார் மறைத்துவைத்த உண்மை வெளிப்பட்டுவிட்டதாகக் கொள்கின்றனர். இவ்விரு வாசிப்புகளும் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் தமிழ் இலக்கண மரபின் வழுக் கோட்பாட்டைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களைத் திருக்குறள் அமைச்சியலில் வைத்துள்ளது. ஆள்வோரின் பேச்சு ஆட்சித் திறனின் ஒரு கூறாகவே கருதப்பட்டமைக்கு இவ்வைப்புமுறை சான்றாகும். ஆதலின் பேச்சில் நேரும் பிழை நகைப்போடு கடந்துபோகத்தக்கதன்று.

வழுவும் நாப்பிறழ்வும்

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. இலக்கண வழியிலிருந்து விலகினும் காரணம் கருதி ஏற்கப்படுவது வழுவமைதி. பசுவை ‘என் அம்மை வந்தாள்’ என்பது உவப்பினால் அமைந்த திணைவழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என நன்னூல் தரும் காரணங்கள் யாவும் பேசுவோனின் உள்ளக் கருத்தைச் சார்ந்தவை. அவன் கருதியே விலகுகிறான்; அக்கருத்தே அவ்விலகலை அமைதியாக்குகிறது.

நாப்பிறழ்வு இதற்கு மறுதலையானது. 2018 மார்ச்சு மாதம், கர்நாடகச் சட்டமன்றத் தேர்தலை ஒட்டிய செய்தியாளர் சந்திப்பில் பாரதிய சனதா கட்சித் தலைவர் அமித் சா, ஊழலில் முதலிடம் பெறத்தக்கது எடியூரப்பா அரசு என்றார். அவர் கூறக் கருதியது சித்தராமையா அரசை. எடியூரப்பாவோ அவர் அருகிலேயே அமர்ந்திருந்தார். அத்தொடரில் இலக்கண வழு எதுவும் இல்லை. திணையும் பாலும் காலமும் இயைந்தே நிற்கின்றன. பிழை சொல்லுக்கும் கருத்துக்கும் இடையில் மட்டுமே நிகழ்ந்துள்ளது. பிறழ்வுகளும் மொழியின் ஒழுங்கிற்கு உட்பட்டே நிகழ்கின்றன என 1971இல் விக்டோரியா பிராம்கின் நிறுவிய கருத்து இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பெயரின் இடத்தில் பெயரே வருகிறது. அதுவும் அதே பொருட்புலத்தைச் சார்ந்த பெயராகவே பெரும்பாலும் வருகிறது.

உளவியல் வாசிப்பின் எல்லை

ஆத்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைக்கும் வேளையில், கூட்டம் முடிவுற்றதாக அறிவித்த நிகழ்ச்சி சிக்மண்ட் பிராய்டால் புகழ்பெற்றது. அக்கூட்டத்தால் நன்மை விளையாது எனக் கருதிய அவரது உள்விருப்பமே அவ்வாறு வெளிப்பட்டது என்பது பிராய்டின் விளக்கம். ஆயின் எதிர்ச்சொற்கள் தம்முள் நெருங்கிய தொடர்புடையன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதற்கு அத்தொடர்பே போதுமானது. எடியூரப்பாவின் பெயர் வந்தமைக்கு அவர் அருகில் இருந்ததே போதிய காரணமாகலாம். எளிய காரணம் ஒன்று இருக்கையில் மறைந்த விருப்பத்தைக் காரணமாக்குவதற்குத் தனிச் சான்று வேண்டும்.

2024 சூலை 11 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சோ பைடன், உக்ரைன் தலைவர் செலன்சுகியைப் புடின் என அறிமுகப்படுத்தி உடனே திருத்திக்கொண்டார். அன்றே செய்தியாளர் முன்னிலையில் துணைத்தலைவர் கமலா ஆரிசைக் குறிக்கக் கருதி டிரம்ப் பெயரைக் கூறினார். இரண்டிலும் எதிராளியின் பெயரே முந்திக்கொண்டது. முதல் பிறழ்வைக் கொண்டு பைடன் புடினை விரும்பினார் என எவரும் முடிவுசெய்யவில்லை. மாறாக, முதுமையின் அடையாளமாகவே கொண்டனர். சூன் 27 விவாதத்திற்குப் பின் அவரது முதுமை குறித்த ஐயம் வலுத்திருந்தமையே இதற்குக் காரணம். ஆக, பிறழ்வு தானே பொருள் தருவதில்லை. கேட்போர் முன்பே கொண்டுள்ள கருத்து அதற்குப் பொருள் தருகிறது.

அறியாமை எனும் வாசிப்பு

தமிழக முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி 2017இல் கம்பராமாயணத்தைச் சேக்கிழாரோடு இணைத்துக் கூறியது பரவலாக எள்ளப்பட்டது. இருவரும் சோழர் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் பெருங்காப்பியப் புலவர்கள். ஒரே பொருட்புலத்தில் பெயர் மாறும் பிறழ்வின் இயல்பிற்கு இது பொருந்துகிறது, அறியாமைக்கும் பொருந்துகிறது. ஒரு தொடரை மட்டும் கொண்டு இரண்டில் ஒன்றைத் துணிய இயலாது. மேடைத்தமிழைப் போற்றி வளர்த்த அரசியல் மரபில் இவ்வெள்ளல் எதிர்பார்க்கத்தக்கதே. எனினும் சரளமாகப் பேசுபவரின் பொய் கைதட்டல் பெறுவதும், தடுமாறுபவரின் மெய் நகைப்புக்கு உள்ளாவதும் அம்மரபின் குறையே ஆகும்.

திருத்தமும் சிரிப்பும்

2022 மே 18 அன்று டல்லாசு நகரில் பேசிய சார்ச்சு டபிள்யூ. புசு, உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும்போது, முற்றிலும் நியாயமற்ற கொடிய படையெடுப்பு என்று கூறி ஈராக்கின் பெயரைச் சொல்லிவிட்டார். பின் உக்ரைன் எனத் திருத்தி, ஈராக்கும்தான் என முணுமுணுத்து, தம் எழுபத்தைந்து வயதைக் காரணம் காட்டினார். அவையோர் சிரித்தனர். பலரும் இதை ஒப்புதல் வாக்குமூலமாக வாசித்தனர். ஆனால் 2003இல் படையெடுப்பிற்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கண்டெடுக்கப்படவில்லை என்பது முன்பே நிறுவப்பட்ட செய்தி. அதனை மெய்ப்பிக்க நாப்பிறழ்வின் துணை வேண்டுவதில்லை. இங்கு திறனாயத்தக்கவை பிறழ்வுக்குப் பின் நிகழ்ந்த இரண்டு: முதுமையைக் கூறி நகைச்சுவையாக்கிய திருத்தம்; அதை ஏற்றுக்கொண்ட சிரிப்பு. பிறழ்வு அவர் அறியாமல் வந்தது. திருத்தம் அவர் அறிந்தே செய்தது. போரில் மாண்டோர் பொருட்டு ஒரு சொல் சொல்வதற்குக் கிடைத்த இடம் அச்சிரிப்பில் மறைந்தது.

முடிவுரை

வழுவமைதியில் கருத்து முன்நிற்கிறது. நாப்பிறழ்வில் கருத்து பின்தங்குகிறது. எனவே பிறழ்ந்த சொல்லைக் கொண்டு பேசியவரின் உள்ளத்தையோ அறிவையோ அளத்தல் பொருந்தாது. அச்சொல்லை அவர் எவ்வாறு திருத்தினார், அத்திருத்தம் யாரை மதித்தது, யாரை மறந்தது என்பவையே திறனாய்விற்குரிய வினாக்கள். பிறழ்ந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும் வாசிப்பு, தவறின்றிப் பேசப்பட்ட ஏனைய சொற்களுக்குத் தலைவர்கள் பொறுப்பேற்க வேண்டியதை மறக்கச் செய்கிறது. அச்சொற்களே அவர்கள் கருதிச் சொன்னவை; ஆய்வு முதலில் செல்ல வேண்டிய இடமும் அவையே.