எக்ஸ்எம்எல்: வரிசைக்குப் பொருள் உண்டா?

ஆட்ரிபியூட்கள் எந்த வரிசையில் வந்தாலும் ஒன்றுதான் என்று எக்ஸ்எம்எல் 1.0 விதிநூல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எலிமென்டுகளுக்கு அப்படியொரு வாக்கியம் அதில் இல்லை. பார்சர் அவற்றை எழுதிய வரிசையிலேயே ஒப்படைக்கும். அந்த வரிசைக்குப் பொருள் உண்டா என்பது வடிவமைப்பவர் பாடு. பலர் அதை முடிவு செய்வதே இல்லை.

சில ஆவணங்களில் வரிசைதான் பொருள். கட்டுரையின் பத்திகளை மாற்றிப்போட்டால் அது வேறு கட்டுரை. எஸ்விஜி படத்தில் சிவப்பு வட்டத்தை முதலிலும், அதை முழுக்க மூடும் அளவு நீலச் சதுரத்தை அடுத்தும் எழுதினால் வட்டம் கண்ணிலேயே படாது; பின்னால் வருவதுதான் மேலே தீட்டப்படும். இரண்டு வரியையும் இடம் மாற்றினால் வட்டம் தெரியும்.

தகவல் பதிவுகளின் கதை வேறு. வாடிக்கையாளரின் பெயர் முதலில் வந்தால் என்ன, ஊர் முதலில் வந்தால் என்ன? இருந்தும் ஸ்கீமாக்கள் பல ‘சீக்வென்ஸ்’ போட்டு வரிசையைக் கட்டாயமாக்குகின்றன. இதில் பாதிப் பழி கருவிகளுக்கு. எந்த வரிசையிலும் வரலாம் என்று சொல்ல எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல்லில் ‘&’ குறி இருந்தது; எக்ஸ்எம்எல் அதைக் கைவிட்டது. 2001இன் எக்ஸ்எம்எல் ஸ்கீமா ‘ஆல்’ என்ற வழியைத் தந்தது. ஆனால் அதற்குள் எந்த எலிமென்டும் ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது என்று கையைக் கட்டியது. கட்டு அவிழ 2012இன் 1.1 பதிப்பு வர வேண்டியிருந்தது. மற்றொரு ஸ்கீமா மொழியான ரிலாக்ஸ் என்ஜியின் ‘இன்டர்லீவ்’ அதற்கு வெகுமுன்பே இதைத் தீர்த்திருந்தது, கவனித்தவர்கள்தான் குறைவு.

கட்டாய வரிசையால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெரிய கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் படித்துக்கொண்டே போகும் நிரலுக்கு, தலைப்புத் தகவல் முதலில் வந்துவிடும் என்ற உறுதி பெரிய உதவி.

கட்டாயத்தைவிட மோசமானது ஒளிந்திருக்கும் வரிசை. ஜாவா நிரல்களைக் கட்டும் கருவியான மேவனின் பாம் (POM) கோப்பில் மேல்மட்ட எலிமென்டுகளை விருப்பப்படி அடுக்கலாம். ‘டிபெண்டன்சீஸ்’ பட்டியலுக்குள் அந்தச் சுதந்திரம் இல்லை. பட்டியலில் உள்ளவை இழுத்துவரும் ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் சார்புச் சங்கிலியில் ஒரே ஆழத்தில் மோதினால், முதலில் அறிவிக்கப்பட்டதன் வழி வருவதே வெல்லும். பட்டியல் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அகரவரிசையில் அடுக்குபவர், தமக்கே தெரியாமல் பதிப்பை மாற்றிவிடக்கூடும். கோப்பில் இதற்கு ஓர் எச்சரிக்கையும் இருக்காது.

செய்தியோடைகளுக்கான 2005இன் ஆட்டம் (Atom) விதிநூல் இதைச் சரியாகச் செய்தது. ஃபீடுக்குள் என்ட்ரிகளின் வரிசைக்குப் பொருளில்லை என்று ஒரே வாக்கியத்தில் அறிவித்தது. நேரத்தைச் சொல்ல ‘அப்டேட்டட்’ எலிமென்டைத் தனியே வைத்தது. ஸ்கீமா எழுதுபவர்களே, உண்டு என்றோ இல்லை என்றோ அந்த ஒரு வாக்கியத்தை நீங்களும் எழுதிவிடுங்கள்.