படம் எப்படி இருக்கு?

தமிழ்நாட்டில் 'சாப்டாச்சா?'வுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படும் கேள்வி, 'படம் எப்படி இருக்கு?' என்பதாகத்தான் இருக்கும். கேட்கிறவருக்கு விளக்கமெல்லாம் வேண்டாம். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள் பதில் வந்தாக வேண்டும். அதற்காகவே நம் கையில் ரெடிமேட் பதில்கள் ஐந்தாறு உண்டு. 'ஒரு தடவை பாக்கலாம்.' 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை.' 'மொக்கை.' 'வெயிட் பண்ணு, ஓடிடியில வந்துடும்.'

இதில் 'ஒரு தடவை பாக்கலாம்' எனக்கு ரொம்ப நாள் புதிர். யார் சார் இங்கே ரெண்டு தடவை பார்க்கிறார்கள்?

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பத்திரிகைக்காரன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள். படித்ததோ பி.காம். காலேஜில் 'டிரையல் பேலன்ஸ்' டேலி ஆகாத ராத்திரிகளில் செகண்ட் ஷோ போனதுதான் என் சினிமாப் படிப்பு. ஆனால் அந்த காமர்ஸ் வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் இன்னும் மறக்கவில்லை. எங்கேயாவது ஒரு வரவு எழுதினால், இன்னோர் இடத்தில் ஒரு பற்று எழுதியே ஆக வேண்டும். சும்மா வந்தது என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

படத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொல்கிற அபிப்பிராயம் மட்டும் இந்த விதிக்கு விலக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னவனுக்குச் செலவில்லை. கேட்டவனுக்கும் நஷ்டமில்லை. போன வாரம்தான் உறைத்தது, அந்தப் பற்று யார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று.

*

வைரல் ஃபீவர். மூன்று நாள் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நானும் அப்பாவும். அப்பாவுக்கு எழுபத்தாறு. ரிமோட் அவரிடம், கஷாயம் என்னிடம். சரி, 2023, 2024-ல் வந்து, நான் அவசரமாக மார்க் போட்ட சில படங்களை மறுபடி உட்கார்ந்து பார்ப்போமே என்று தோன்றியது. மறு ஆடிட்!

முதலில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. சிதம்பரம் இயக்கி, 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த நிஜ சம்பவம். கொச்சி பக்கத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவன் குழிக்குள் விழுந்துவிட, இன்னொருவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கி வருகிறான். இதற்கு நான் கொடுத்த சர்ட்டிஃபிகேட் 'சூப்பர்'. அதில் மாற்றமில்லை.

மாற்றம் வேறிடத்தில். அந்தப் படத்தில் இளையராஜாவின் 'குணா' பாட்டு வரும்போது தியேட்டரே எழுந்து நின்று கத்தியதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த 'குணா' 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்த படம். 'தளபதி' கூட்டத்தை அள்ளிக்கொண்டு போக, 'என்னப்பா, கமல் பைத்தியமா வர்றார்' என்று வாசலிலேயே பேசி ஊர் அதை மூட்டை கட்டி அனுப்பியது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். பார்க்காமலேயே 'புரியாதாம்டா' என்று நாலு பேரிடம் சொன்னேன். அந்தத் தீர்ப்பை மாற்றி எழுத நமக்கு 32 வருடங்களும், பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு படமும் தேவைப்பட்டிருக்கின்றன. ஆடிட் ரிப்போர்ட் லேட்டாக வருவது சகஜம்தான். அதற்காக இவ்வளவு லேட்டா?

*

அடுத்தது 'கொட்டுக்காளி'. 'கூழாங்கல்' எடுத்து, 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய பி.எஸ்.வினோத்ராஜின் அடுத்த படம். பெர்லின் விழாவுக்குப் போய்விட்டு, 2024 ஆகஸ்ட் 23-ம் தேதி தியேட்டருக்கு வந்தது. அன்றைக்கே மாரி செல்வராஜின் 'வாழை'யும் ரிலீஸ். ஆபீஸில் கேட்டார்கள். 'மியூசிக்கே இல்லை சார். கடைசியில என்ன ஆச்சுன்னும் சொல்லலை' என்றேன். கேட்டவர் டிக்கெட்டை 'வாழை'க்கு மாற்றிக்கொண்டார். அது நல்ல படம் என்பதால் எனக்குப் பாவம் பாதிதான்.

இப்போது மறுபடி பார்த்தேன். வேறு ஜாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு ஆட்டோவிலும் பைக்குகளிலும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டியாக சூரி. மீனாவாக அன்னா பென். தியேட்டரில் நான் கவனிக்காத ஒன்றை இந்த முறை கவனித்தேன். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு. கத்துகிற மனுஷனுக்குக் குரல் இல்லை. குரல் இருக்கிற பெண் பேசமாட்டேன் என்கிறாள். இந்தக் குடும்பத்தில் அவளுக்கென்று இருக்கிற ஒரே சொத்து அந்த மௌனம்தான். அதற்குப் பின்னால் வயலின் வாசித்திருந்தால் அந்தச் சொத்தும் போயிருக்கும்.

வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. மீசை வைத்த ஆண்களெல்லாம் தயங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிப் போய்விடுகிறாள். இதை நான் அன்று 'சும்மா போகுது' கணக்கில் எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று சொல்லாத அந்த முடிவும் அப்படித்தான். சொல்ல வேண்டியது டைரக்டர் அல்ல, பாண்டி. பாண்டி இடத்தில் உட்கார வைக்கப்பட்டிருப்பது நாம். பதில் தெரியாதவன்தான் 'முடிவே இல்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறான்.

*

மூன்றாவது, 'பெர்ஃபெக்ட் டேஸ்'. ஜெர்மன் டைரக்டர் விம் வெண்டர்ஸ், ஜப்பானிய மொழியில் எடுத்தது. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிற ஹிராயமா என்கிற மனிதர் தினமும் எழுகிறார், செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார், வேனில் பழைய கேசட் போட்டுக் கேட்கிறார், வேலை பார்க்கிறார், மத்தியானம் மரத்தை போட்டோ எடுக்கிறார், ராத்திரி புத்தகம் படித்துவிட்டுத் தூங்குகிறார். மறுநாளும் அதே. கோஜி யாகுஷோவுக்கு 2023 கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

'ஒரே சீனை எத்தனை தடவைப்பா காட்டுவான்?' என்பது என் பழைய விமரிசனம். பி.காம். படித்தவன் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பேரேட்டில் தினமும் ஒரே மாதிரி எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒருநாள் தொகை மாறினால் பளிச்சென்று தெரியும். இங்கேயும் அப்படி. சொல்லாமல் கொள்ளாமல் மருமகள், அதாவது தங்கை மகள், வந்து தங்குகிறாள். அவளைக் கூட்டிப் போகத் தங்கை டிரைவர் வைத்த காரில் வருகிறாள். அப்பாவுக்கு முன்னே மாதிரி இல்லை, வந்து பாரேன் என்கிறாள். அவர் தலையை அசைத்து மறுக்கிறார். தங்கையைக் கட்டிக்கொள்கிறார். கார் போனதும் அழுகிறார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று படம் சொல்லவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதே பல் தேய்ப்பு, அதே கேசட் என்று காட்டியதால்தான் அந்த அழுகை நம்மை அடிக்கிறது.

'நல்லா அழுவறான்' என்றார் அப்பா. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

*

நாலாவது 'மெய்யழகன்'. 

'96' எடுத்த பிரேம்குமாரின் படம். 2024 செப்டம்பர் 27-ல் ரிலீஸ். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். 'லேக்' என்று எல்லோரும் சொல்ல, ஒருசில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். அந்த எல்லோரில் நானும் உண்டு. 

சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு 1996-ல் கிளம்பிய குடும்பம். பல வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார் அரவிந்த் சாமி. மொய் வைத்தோமா, ராத்திரி பஸ்ஸைப் பிடித்தோமா என்று அவசரம். அங்கே ஒருவன், கார்த்தி, 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறான். யாரென்று தெரியவில்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். பஸ் போய்விடுகிறது. ராத்திரி அவன் வீட்டில் தங்க வேண்டியதாகிறது.

குறை இல்லாமல் இல்லை. கார்த்தி பாத்திரம் கொஞ்சம் அதிகமாகவே நல்லவன். சரித்திரம் பேச ஆரம்பித்தால் படம் சேரைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஸ்ரீதிவ்யாவுக்குப் புன்னகையைத் தாண்டி வேலை குறைவு. இதெல்லாம் இப்போதும் சொல்வேன்.

ஆனால் 'இழுவை' என்றேனே, அதுதான் தப்பு. அந்த ராத்திரியில் எப்படா கிளம்புவோம் என்று நெளிகிறவர் யார்? அரவிந்த் சாமி. தியேட்டரில் வாட்சைப் பார்த்தவன் யார்? நான். நம் ஊர்ப்பக்கம் விருந்தாளி கிளம்புகிறேன் என்றால் உடனே விடுவார்களா? 'இருந்துட்டு, சாப்ட்டுட்டு, காலைல போலாம்' என்று பிடித்து வைப்பதுதானே உபசாரம்? படமும் நம்மை அப்படித்தான் பிடித்து வைக்கிறது. நம்மை ஞாபகம் வைத்திருக்கிற ஒருவனை நாம் மறந்துவிட்டோம் என்கிற வெட்கம், பத்து நிமிடத்தில் வந்து போகிற சமாசாரம் இல்லை. நாம் விட்டுவிட்டு வந்த ஒரு பழைய சைக்கிள், இன்னொரு வீட்டில் விளக்கேற்றியிருக்கிறது என்பதும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற தகவல் இல்லை. இலையில் பரிமாறும்போதே 'சீக்கிரம் முடிங்க, பஸ் வந்துடும்' என்று வீட்டுக்காரரிடம் சொன்ன விருந்தாளி நான்.

*

தயவுசெய்து ஒன்றைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் அபிப்பிராயமே சொல்லக் கூடாது என்கிற கட்சி இல்லை நான். 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள், முதல் நாள் தியேட்டர் வாசலில் யூடியூப் பேட்டி எடுக்க அனுமதிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசு கொடுத்தவன் திட்டத்தான் செய்வான். 'மெய்யழக'னுக்கு ஒரு வாரம் முன்னால் வந்த 'லப்பர் பந்து'வைத் தூக்கி நிறுத்தியதும் அதே வாசல் பேச்சுதான். புது டைரக்டர், நடுத்தர நட்சத்திரங்கள், பெரிய விளம்பரம் இல்லை. 'போய்ப் பாருடா' என்று ஆளுக்கு ஆள் சொல்லியே ஓடிய படம்.

நான் சொல்ல வருவது வேறு. 'எனக்குப் பொறுமை இல்லை' என்பதை 'படம் இழுவை' என்று எழுதுவது, சொந்தச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதுகிற மாதிரி. ஆடிட்டில் மாட்டும்.

எனக்கு மாட்டியது இப்படி.

'மெய்யழகன்' ஆரம்பத்தில் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பும் இடத்தில் அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். எங்களுக்கும் கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது, கிணறு யார் பக்கம் என்பதில் ஆரம்பித்து, முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பியதில் முடிந்தது. நாங்கள் மெட்ராஸுக்கு வந்துவிட்டோம். அதற்கப்புறம் கல்யாணம், கருமாதிகளில் இரண்டு பேரும் 'சௌக்கியமா?' என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

ஆனால் சித்தப்பா என்னிடம் பேசுவார். எனக்குச் சினிமா காட்டியவரே அவர்தான், சைக்கிளின் முன்பாரில் உட்கார்த்தி வைத்து. இப்போது எழுபதைத் தாண்டி, முழங்கால் வலி. படம் பார்க்க டவுனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் வாராவாரம் எனக்குப் போன் போட்டு, 'படம் எப்படிடா இருக்கு?' என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார். நான் 'ம்' என்றால் இரண்டு பஸ். 'ம்ஹூம்' என்றால் திண்ணை.

படம் முடிந்து அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு டி.வி.யைப் பார்த்தபடியே கேட்டார்.

"உன் சித்தப்பன் இதைப் பாத்துட்டானா?"

என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. பால்கனிக்குப் போய் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, மெய்யழகன் பாத்தீங்களா?"

"நீதானடா இழுவைன்னே? அதான் விட்டுட்டேன்."

"தப்பா சொல்லிட்டேன் சித்தப்பா. அவசியம் பாருங்க."

"இப்ப எங்கடா போய்ப் பாக்கறது? தியேட்டர்லேர்ந்துதான் என்னிக்கோ தூக்கிட்டானே. நம்ம வீட்டுல அந்த ஓடிடியெல்லாம் கிடையாது."

"இங்க வாங்களேன். நம்ம வீட்டுல போட்டுப் பாக்கலாம். அப்பாவும் இருக்காரு."

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பாப்போம்டா" என்றார்.

தமிழில் 'பாப்போம்' என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எந்த மார்க் வேண்டுமானாலும் போடலாம். நான் போடுவதாக இல்லை.