டங்குன்னு ஒரு டிரம்

வீட்டிலேயே ஒரு ஸ்மோக்கர் கட்டணும், கறியையும் மீனையும் தணல்ல வாட்டாம புகையிலேயே பதமா வேகவைக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா? நேரா புதுச்சேரிக்கு வாங்க. அதுக்கு வேண்டிய அத்தனை சாமானும் இந்த ஊர்ல இருக்கு, சத்தியமா இருக்கு. பழைய இரும்பைப் பார்த்து மனுஷன் இவ்வளவு பூரிச்சுப் போக முடியும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது!

முதல் தேவை டிரம். 200 லிட்டர் இரும்பு டிரம், மூடி முழுசா கழண்டு வர்ற ரகம், உள்ளே சமையல் எண்ணெய் வந்ததா இருக்கணும். ரசாயனம் வந்த டிரம்னா சும்மா கொடுத்தாலும் வேண்டாம். தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு காயலான் கடை. நினைச்சுப் பாருங்க: மடங்கிப்போன கேட்டு, சைக்கிள் ரிம்மு, றெக்கை உடைஞ்ச ஃபேன், அத்தனைக்கும் பின்னால வெயில் பட்டுக்கிட்டு ஒரு நீல டிரம்! ஓடிப்போய் மூடியைத் திறந்தா குப்புன்னு பாமாயில் வாசனை. விரல் முட்டியால ஒரு தட்டு தட்டினேன், டங்குன்னு கோயில் மணி மாதிரி ஒரு நாதம், எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சு.

"இன்னாத்துக்குப்பா இது, தண்ணி புடிக்கவா?"ன்னார் கடைக்கார அண்ணன்.

"இல்லண்ணே, உள்ளே கரி போட்டு, மேலே கறி வச்சு, மூடிவச்சு வேகவைக்கப் போறேன்."

ஏற இறங்கப் பார்த்தார். நான் விடுவேனா? ஜமைக்காவுல ரோட்டோரத்துல இதே டிரம்மை நெடுக்கப் பிளந்து கோழி சுடுறாங்கண்ணே, அமெரிக்காவுல கொல்லைக்குக் கொல்லை இதான்ணேன்னு மூச்சு விடாம கொட்டித் தீர்த்தேன். அவர் எழுந்து உள்ளே போய், பழைய வாஷிங் மெஷினோட எவர்சில்வர் டிரம்மை உருட்டிக்கிட்டு வந்து என் காலடியில போட்டார். "கரி போட இது ஆவுமா பாரு." ஆவுமாவா! சுத்திலும் பொடிப்பொடியா ஓட்டை, காத்து உள்ளே வர்றதுக்கு இதைவிட வேற என்ன வேணும், துரு ஏறாது, சூட்டுக்கு அசையாது, பெரிய டிரம்முக்குள்ள இறக்கினா சுத்தி கொஞ்சம் இடம் விட்டு அப்படியே கச்சிதமா உட்காருது. அவரைக் கட்டிப்பிடிச்சுட்டேன். உண்மையாவே கட்டிப்பிடிச்சுட்டேன்.

அடுத்தது காந்தி வீதி சண்டே மார்க்கெட். ஞாயித்துக்கிழமை கடைங்க ஷட்டரை இறக்கினதும் அந்த வீதி முழுக்க நடைபாதைக் கடைங்க கைக்குப் போயிடும். துணிமணி, செருப்பு எதையும் பார்க்காதீங்க, என்கூட வாங்க. ஒரு தார்ப்பாய்ல பழைய ஸ்பேனர், குழாய், நட்டு, போல்டு குமிஞ்சு கிடக்கு, அதுக்கு நடுவுல முக்கால் இஞ்ச் பித்தளை பால் வால்வு! டிரம்முக்கு அடியில மூணு ஓட்டை போட்டு, ஒண்ணுல இந்த வால்வை மாட்டி, மத்த ரெண்டையும் மூடி போட்டு வச்சுக்கிட்டா சூடு உங்க கையில. திருகைத் திறந்தா ஏறும், மூடினா இறங்கும், அவ்வளவுதான் ரகசியம். இன்னொரு தார்ப்பாய்ல, ஏதோ பேக்கரி அடுப்புல இருந்து கழட்டின முள்ளு வச்ச தெர்மாமீட்டர். கொதிக்கிற தண்ணியில முக்கிப் பார்த்தேன், முள்ளு நேரா 100ல போய் நின்னுச்சு, நான் தனியா கைதட்டினேன். ஜி.ஐ. சாமான் மட்டும் வேண்டாம். அதுல பூசியிருக்கிற துத்தநாகம் நெருப்புல புகைஞ்சா உடம்புக்கு ஆகாது.

இப்ப கரி. இங்கதான் என் தலையே சுத்துச்சு! டெக்சாஸ்காரங்க மெஸ்கீட், மெஸ்கீட்னு உயிரை விடுறாங்களே, அந்த மரம் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி! ரெண்டும் ஒரே பேரினம். நாம நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு கோர்ட்டு வரைக்கும் இழுத்த மரம், ராமநாதபுரத்துப் பக்கம் மூட்டம் போட்டு மூட்டை மூட்டையா வர்ற கரி, விறகு மண்டியில சாக்குல கிடக்கு. கூட வாசனைக்கு நல்லாக் காய்ஞ்ச மாங்கட்டை நாலு. மரத்துல இருக்கிற லிக்னின் சூட்டுல உடையும்போதுதான் குவையகால், சிரிங்கால்னு அந்த மணம் கிளம்புது. வெள்ளையா அடர்த்தியாப் புகைஞ்சா கசக்கும், கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம நீலமா ஓடணும்.

பட்டறையில கம்பித் தட்டு பத்த வச்சு வாங்கி, டிரம்முக்குள்ள விறகை அடைச்சு வெறுமனே ஒரு பெரிய தீ மூட்டி உள்பூச்சையும் பெயின்ட்டையும் எரிச்சு, உரசிக் கழுவி, எண்ணெய் தடவி இன்னொரு தடவை சூடேத்தினேன். கடல் காத்துக்குத் துரு ஏறத்தான் செய்யும், அப்பப்ப எண்ணெய் தடவினா போச்சு!

அப்புறம் அந்த நாள். கானாங்கெளுத்தியை உப்புத் தண்ணியில ஊறவச்சு உலர்த்தி ஒரு தட்டு. கீழ்த்தட்டுல பன்றி விலா, அதுக்கு மேல பூசினது என்ன தெரியுமா, பிரெஞ்சு சமையல்காரங்க வடூவான்னு கொண்டாடுறாங்களே, அதுக்கு மூலமான நம்ம வெங்காய வடகம், இடிச்சு, மிளகோட சேர்த்து! முள்ளு 110ல நிக்குது, நான் வால்வை ஒரு இழை திருகுறேன், மறுபடி பார்க்குறேன், மீன் முதல்ல தயாராகி பொன்னா மினுங்கிக்கிட்டு வெளியே வருது, தோலை உரிச்சா சதை இதழ் இதழாப் பிரியுது, மீன் கொழுப்பும் உப்பும் மாம்புகையும் நாக்குல ஒண்ணா இறங்குது, பக்கத்து வீட்டு அக்கா மதில் மேல எட்டிப் பார்த்து "இன்னாப்பா வாசனை இது?"ங்குறாங்க, நான் பதில்கூடச் சொல்லாம ஒரு துண்டை நீட்டுறேன், அதுக்குள்ள சாயங்காலமாகி, விலாவுல இருக்கிற கெட்டிச் சவ்வெல்லாம் ஜெலட்டினா உருகி, எலும்பைப் பிடிச்சு இழுத்தா கறி தானா நழுவுது, வடகம் கருகாம பட்டையா மொறுமொறுன்னு ஒட்டியிருக்கு, தெருவுல பாதிப் பேரு எங்க வாசல்ல!

அடுத்த ஞாயித்துக்கிழமையும் காந்தி வீதிக்குத்தான் போறேன். ரெண்டாவது டிரம்முக்கு இன்னொரு பால் வால்வு வேணும்.